தேயிலைக்கு மூக்கு உண்டு

பத்து வயது வரைக்கும் நான் ஒரு விஷயத்தை முழு மனதோடு நம்பியிருந்தேன். என் அம்மா ஒரு சொட்டு சென்ட் போட்டுக்கொண்டால் போதும், வால்பாறையில் ஒரு எஸ்டேட்டையே இழுத்து மூடிவிடுவார்கள். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் அரைக்கால் டவுசரோடு திரிந்து, இப்போது சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, பின் ஒரு மாத்திரை என்று விழுங்கிக்கொண்டிருக்கும் நீங்களும் இதைவிடப் பெரிய கூத்தையெல்லாம் நம்பித்தான் வளர்ந்திருப்பீர்கள். நீங்கள் வெளியே சொல்வதில்லை. எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். சூலூர்ப் பக்கம் பருத்தியும் சோளமும் விளைவித்த குடும்பத்திலிருந்து மலையேறி வந்தவர். டீமேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுப்பவர் என்று கீழே எங்கள் சொந்தக்காரர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளில் அப்பாவைப் பார்த்ததும் சமையல்கட்டுப் பக்கம் கை காட்டிய மாமா ஒருவர் உண்டு. உண்மையில் அது பெரிய வேலை. பறித்து வந்த பச்சை இலையை வாட்டி, நசுக்கி, தரையில் பரப்பிவிட்டால் அது மெல்ல மெல்லச் சிவக்கும். எந்த நிமிஷத்தில் போதும் என்று சொல்லிச் சூட்டுக்கு அனுப்புவது? அதைக் கடிகாரம் சொல்லாது. மழை நாளில் ஒரு பக்குவம், வெயில் நாளில் ஒரு பக்குவம். அப்பா குனிந்து இரண்டு கையாலும் அள்ளுவார். அள்ளியதில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தலையை ஆட்டுவார். அந்த ஒரு ஆட்டலுக்காக மொத்த ஃபேக்டரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

“தேயிலைக்குக் காது கெடையாது கண்ணு, மூக்கு உண்டு” என்று அப்பா என்னிடம் சொல்வார். பக்கத்தில் எது மணந்தாலும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளுமாம். அதனால் சலிக்கும் அறைக்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணி அடித்திருந்தார்கள். வேலைக்கு வரும் பெண்கள் தலையில் இருக்கும் பூவை எடுத்து ஆளுக்கொரு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் வாடிய சரத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்புவார்கள். பகல் முழுவதும் அந்தச் சுவர் மட்டும் பூ வைத்துக்கொண்டு நிற்கும்.

இந்தச் சட்டம் ஃபேக்டரிக்குத்தான். அதை வீடு வரைக்கும் கொண்டுவந்தது அப்பாவின் சொந்தச் சரக்கு. சட்டையில் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்று அவருக்குப் பயம். எங்கள் குவார்ட்டர்ஸில் மல்லிகை கூடாது. பவுடர் கூடாது. சாம்பிராணி, ஊதுவத்தி, பாச்சா உருண்டை, மணக்கிற தலையெண்ணெய் எதுவும் கூடாது. சாமிக்கே வெறும் விளக்குதான். கருவாடு என்ற பேச்சை எடுத்தாலே அப்பா சட்டையைக் கழற்றி வெளியே போய் உதறுவார். அம்மாவுக்குக் கனகாம்பரம் மட்டும் பாஸ், அதற்குத்தான் வாசமே கிடையாதே. பக்கத்துக் கம்பவுண்டர் வீட்டில் ஊதுவத்தி கொத்தாக எரியும். எனக்குப் பொறாமையே வந்ததில்லை. மலையின் பொறுப்பு முழுக்க எங்கள் வீட்டு மேல் இருக்கிறது, அவர்களுக்கென்ன, மருந்து கலக்குகிறவர்கள்தானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

வாசமில்லாத வீட்டில் வளர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து கதவைத் தட்டும். கம்பளிச் சட்டையின் ஈரம். அணைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ். அம்மாவின் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். சன்னலைத் திறந்தால் மூடுபனி நேராக உள்ளே நடந்து வந்து, கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்படி வழியாக வெளியே போகும். அதற்கும் ஒரு வாசம் உண்டு, கழுவி வைத்த பித்தளைச் சொம்பு போல. நண்பகலில் ஃபேக்டரிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் முதலில் வெட்டிய புல் வரும், பிறகு கனிந்த பழம் வரும், பிறகு ஏதோ ஒன்று பதமாக வறுபடுகிற வாசம் வந்து மலை முழுவதும் தூங்கிப்போனது போலாகிவிடும். அந்தத் தூக்கத்துக்குள்தான் அந்த சென்ட் நுழைந்தது.

வெள்ளைக்காரன் எப்போதோ போய்விட்டான். ஆனாலும் எஸ்டேட்டில் மேனேஜர் துரைதான், அவர் சம்சாரம் துரைசாணிதான். எங்கள் துரைசாணி மெட்ராஸ்காரர். உயரமாக, நிதானமாக இருப்பார். அம்மா நன்றாக ஜாக்கெட் தைப்பாள் என்று கேள்விப்பட்டு பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். டேப்பைப் பிடித்துக்கொள்ளும் உயர்ந்த பதவியில் நானும் கூடவே போனேன்.

பங்களாவின் மரப்படியில் கால் வைத்ததுமே அது வந்து தொட்டது. முதலில் ஆரஞ்சுத் தோலைக் கண்ணருகே பிழிந்தது போல ஒரு சுருக்கு. அது ஓய்வதற்குள் பூக்கள். இன்ன பூ என்று சொல்ல முடியாது, எந்தப் பூவும் முன்னால் வந்து நின்று தன் பெயரைச் சொல்லவில்லை. எல்லாம் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றன. அதற்கும் அப்பால் எங்கேயோ சந்தனம் மாதிரி, பழைய மர அலமாரி மாதிரி, பேசி முடித்த குரல் மாதிரி ஒன்று. துரைசாணி வராந்தாவிலிருந்து எழுந்து உள்ளே போன பிறகும் அவர் நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. எனக்கு அதனிடம் வணக்கம் சொல்லலாம் போல இருந்தது.

தைக்கக் கொடுத்த அளவு ஜாக்கெட்டில் அந்த வாசம் இருக்கும். அம்மா அதை மெஷின் மேல் விரித்து வைத்துவிட்டு வெகுநேரம் தைக்காமல் உட்கார்ந்திருப்பாள். நூல் கோக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் தென்மேற்கு மழை அடித்து நொறுக்கியது. ஆடி மாதம் அப்பா உட்பட எஸ்டேட்டில் பாதிப் பேர் சளியும் காய்ச்சலுமாகப் படுத்து எழுந்தார்கள். மழை விட்டதும் துரைக்கு மாற்றல் வந்தது. துரை அடுத்த ஆள் வரும் வரைக்கும் இருப்பார், துரைசாணி மட்டும் முன்னாலேயே கிளம்புவதாக ஏற்பாடு. கடைசியாகத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போனபோது, அவர் தன் கண்ணாடி மேசையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அம்மா கையில் வைத்தார். சதுரமான கண்ணாடி, தடித்த மூடி. உள்ளே பாதிக்குச் சற்றுக் கீழே, நல்ல லைட் டீ நிறத்தில் சென்ட். மேலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெறும் தங்க விளிம்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

அம்மா பதறிப்போய் வேண்டாமுங்க என்றாள். துரைசாணி சிரித்தார்.

“அளவெடுக்க வர்றப்பெல்லாம் நீங்க மூச்சை உள்ள இழுத்து அப்படியே பிடிச்சுக்கறீங்க. நான் கவனிச்சிருக்கேன். வச்சுக்கோங்க.”

திருடிப் பிடிபட்டவள் போல அம்மாவின் முகம் சிவந்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

குப்பி எங்கள் வீட்டுக்குள் வந்த கணத்திலிருந்து எனக்குத் தூக்கம் போனது. அணுகுண்டைத் தையல் மெஷின் டிராயரில் வைத்துவிட்டு எந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்? அம்மா அதை நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்து மேலே வெட்டுத்துணியைப் போட்டு மூடினாள். போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் அப்பா ஃபேக்டரிக்குப் போன பிறகு எடுப்பாள், மூடியை மட்டும் திறப்பாள், கண்ணை மூடுவாள், வைத்துவிடுவாள். சில நாள் கழித்து மூடியின் அடியை மணிக்கட்டில் ஒற்றிக்கொண்டாள். நான் எழுந்து எல்லாச் சன்னலையும் திறந்தேன். அடுப்படிக்கு ஓடி ஒரு வெங்காயத்தை நசுக்கி வாசலில் வைத்தேன். பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். என் எதிர்ப்படைகள் அவ்வளவுதான்.

“ஏண்டா இப்பிடிப் பூச்சி மருந்து அடிக்கறாப்ல சுத்தற?” என்றாள் அம்மா.

தேயிலைக்கு வாசம் போய்விடும், எஸ்டேட்டை மூடிவிடுவார்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மணிக்கட்டை என் மூக்கருகே கொண்டுவந்தாள்.

“மல்லிப்பூ ஓடியாந்து ஓடிப்போயிரும் கண்ணு. இது நின்னு பேசுது பாரு. இதெ மோந்தா எங்கியோ பொறப்பட்டு நிக்கறாப்ல இருக்குது எனக்கு.”

“எங்கேம்மா போறே?”

“போறதுக்கு எடமெல்லாம் ஒண்ணுமில்ல. பொறப்பட்டு நிக்கறாப்ல. அவ்வளவுதான்.”

எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த மத்தியானங்கள் நினைவிருக்கின்றன. சன்னலுக்கு வெளியே பனி. மெஷின் ஓடும், நிற்கும். ஆரஞ்சுத் தோல் போய்ப் பூக்கள் வரும் நேரம், பூக்கள் ஒதுங்கி அந்த மர வாசம் வரும் நேரம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு சொட்டுக்குள் காலை, பகல், சாயங்காலம் எல்லாம் இருந்தன. அப்பா வரும் நேரத்துக்கு அம்மா புளிபோட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிடுவாள். பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்கிற மரியாதை.

பல வருஷம் கழித்து, போன தீபாவளிக்கு முன்னால், கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் அந்த வாசத்தைத் தேடிப் போனேன். பெயர் தெரியாது. ஆரஞ்சுத் தோல், கண்ணாடிக் கதவு, மர அலமாரி என்று வர்ணித்தேன். விற்கும் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் காகிதத் துண்டுகளில் ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்தது. “சார், இதெல்லாம் லேடீஸ்க்குங்க” என்று கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னது. தெரியும் கண்ணு என்றேன். பக்கத்திலிருந்த என் சம்சாரம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு எதுவும் அதுவாக இல்லை.

கதைக்கு வருகிறேன். புரட்டாசியில் ஒருநாள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானமே சாப்பிட வந்துவிட்டார். அம்மா கழுத்தில் சென்ட் போட்டு முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வீடே ஆரஞ்சுத் தோலாக இருந்தது. நான் கட்டிலோரத்தில் கல்லாய்ச் சமைந்தேன். அப்பா காலைக் கழுவினார், உட்கார்ந்தார். அம்மா குனிந்து கொள்ளுப்பருப்பை ஊற்றினாள். இருவருக்கும் நடுவில் ஒரு ஜாண்கூட இல்லை. அப்பா பிசைந்து சாப்பிட்டார். மழை வரும் போலிருக்கிறது என்றார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு இல்லை. மலையில் எங்கே ஒரு பீடிப் புகை எழுந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன் ஏன் கத்தவில்லை? கம்பவுண்டர் மகனிடம் ஆலோசனை கேட்டேன். அவன் என்னைவிட ஒரு வகுப்பு மேலே, அதனால் எல்லாம் தெரிந்தவன். பெரியவர்களுக்குக் கோபம் கொஞ்சமாக வந்தால்தான் சத்தம் வரும், முழுசாக வந்தால் சத்தமே வராது என்று விளக்கினான். பிறகு எச்சில் விழுங்கிவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

“உங்கம்மாளைப் பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிச்சுப் போடுவாங்கடா.”

அன்றிலிருந்து பொள்ளாச்சி பஸ் எங்கள் வளைவில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் அம்மா வீட்டில் இருக்கிறாளா என்று பார்ப்பேன்.

அம்மாவோ நாளுக்கு நாள் துணிந்தாள். மறுநாள் புளிபோட்டுக் கழுவவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் அப்பா வருகிற நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டாள். பாலை வேண்டுமென்றே தீயவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நடக்காத அநியாயம் நடந்தது. கம்பவுண்டர் வீட்டிலிருந்து வாங்கி வந்து கருவாடு வறுத்தாள். புகை சன்னல் வழியாக ரோட்டுக்குப் போய் இரண்டு நாய்களை வாசலுக்கு அழைத்து வந்தது. அப்பா பின்வாசலில் முகம் கழுவிக்கொண்டே கேட்டார்.

“இன்னிக்கு என்ன கொழம்பு அம்மிணி?”

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. “கருவாடுங்க” என்றாள்.

பின்வாசலில் சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்து, மூக்கை நன்றாக விரித்து இழுத்து, “அதான பார்த்தேன், வாசம் ஆளைத் தூக்குது” என்றார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் திரும்பவே இல்லை. எனக்கு இரண்டு துண்டு கூடுதலாகக் கிடைத்தது. இரண்டையும் வாசலில் நின்ற நாய்களுக்குப் போட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே தண்டனை கொடுக்கிற ரகம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் இடி விழுந்தது. கோயம்புத்தூரில் ஏலத்துக்குப் போன எங்கள் தேயிலையை யாரும் கேட்கவில்லை என்று ஆபீசுக்குப் போன் வந்தது. குடித்துப் பார்த்தவர்கள் ஏதோ கோளாறு என்றார்களாம். அடுத்த லோடும் இப்படி இருந்தால் டீமேக்கரை வைத்துக்கொள்ள முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். சாயங்காலம் அப்பா விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சுவரில் சாய்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  குற்றவாளி யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணக்கில் குற்றவாளி அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் திட்டத்தை நிறைவேற்றினேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வீரமான, அவ்வளவு அறிவுகெட்ட காரியத்தை நான் செய்ததில்லை. பழியை என் மேல் போட்டுக்கொள்வது என்று முடிவு. பழி போட்டால் போதுமா, சாட்சி வேண்டாமா? அம்மா தண்ணீருக்குப் போன சமயம் டிராயரைத் திறந்து, குப்பியைச் சாய்த்துக் கழுத்தில், நெஞ்சில், இரண்டு கையிலும் பூசிக்கொண்டேன். பிறகு அந்தச் சீமாட்டி வாசத்தோடு, ஓட்டை விழுந்த ஸ்வெட்டரும் மூக்கொழுகலுமாக, எந்த இடத்துக்கு அது போகவே கூடாதோ அந்த ஃபேக்டரியை நோக்கி நேராக நடந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் என்னைக் கண்டதும் இரண்டு தும்மல் போட்டார். “என்ன தம்பி, பொண்ணு பார்க்கக் கெளம்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

அப்பா வேகமாக வந்தார். பூச் சரங்கள் தொங்கிய ஆணிச் சுவருக்குப் பக்கத்தில் நான் நின்றேன். என்றா கண்ணு, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டபடி என்னைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். நான் அவர் சட்டையில் முகம் பதித்தபடி நின்றேன். வாட்ச்மேன் அங்கேயே நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் எந்த மாற்றமும் இல்லை.

“நாந்தானுங்க சென்ட் போட்டது” என்றேன். “அம்மா இல்லீங்க.”

“எப்ப?”

“இப்பத்தானுங்க. நெறயப் போட்டிருக்குதுங்க.”

அப்பாவின் கை என் தோளில் இறுகியது. அவர் மெதுவாக மண்டி போட்டார். தேயிலையை அள்ளுவது போல இரண்டு கையாலும் என் முகத்தைத் தாங்கி, என் கழுத்தில் தன் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. மறுபடி இழுத்தார். நான் அந்தத் தலையாட்டலுக்காகக் காத்திருந்தேன். வாட்ச்மேன் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

தலை ஆடவில்லை.

“எப்பிடி மணக்குது, சொல்லு சாமி” என்றார் அப்பா. கண்ணைத் திறக்கவில்லை.

என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்திருந்த எனக்கு, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தது போலாகிவிட்டது. கடகடவென்று சொன்னேன். “மொதல்ல ஆரஞ்சுத் தோலைப் புழிஞ்சாப்லீங்க. பொறவு பூவு, ஆனா என்ன பூவுன்னு தெரியாதுங்க. பொறவு துரை பங்களால மரப்படி இருக்குதல்லோ, அதாட்டம்.”

“அப்பறம்?”

நான் என் கையை மோந்து பார்த்தேன். அத்தனை மத்தியானங்களும் அதில் இருந்தன.

“அப்பறம் அம்மாவாட்டம் இருக்குதுங்க.”

அப்பா எழுந்து கொஞ்ச நேரம் அந்தப் பூச்சுவரைப் பார்த்தபடி நின்றார். வீட்டுக்குப் போ, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. நான் போனேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. நான் திரும்பும் முன்பே ரோட்டு வளைவில் காற்று அம்மாவிடம் சொல்லிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள்.

“அப்பா என்ன சொன்னாரு?”

“எப்பிடி மணக்குதுன்னு கேட்டாரு.”

அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தாள். அப்பாவின் மூக்கு மரத்துப்போனது தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியக் கூடாதென்று வாரக்கணக்கில் அவள் வாயை மூடியிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள் என்று அவர் வாயை மூடியிருந்தார். ஒருவரையொருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரே வீட்டுக்குள் இருவரும் தனியாகக் கிடந்திருக்கிறார்கள். எனக்கு இது இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம், அம்மாவைப் பஸ் ஏற்ற மாட்டார்கள் என்பதுதான். சந்தோஷத்தில் இரண்டு பணியாரம் கேட்டதாக ஞாபகம்.

நடந்தது இதுதான். அம்மாவின் சென்டுக்கும் தேயிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆடி மாதக் காய்ச்சலோடு அப்பாவின் மோப்பம் போய்விட்டிருந்தது. சீக்கிரம் திரும்பிவிடும் என்று அவர் யாரிடமும் சொல்லாமல், குத்துமதிப்பாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இலை அளவுக்கு மீறிச் சிவந்து கெட்டது. மறுநாள் காலை அவரே துரையிடம் போய்ச் சொன்னார். குன்னூரிலிருந்து வேறு டீமேக்கரை வரவழைத்தார்கள். கார்த்திகை வரைக்கும் வீட்டைக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் காது மூக்கு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. பிறகு அப்பா பெரியப்பாவின் இரும்புக் கடையில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தார்.

நாங்கள் மூன்று பேரும்தான் பஸ் ஏறி மலையிறங்கினோம். அன்று காலை அம்மா எல்லோர் முன்னாலும் குப்பியைத் திறந்து கழுத்தில் ஒற்றிக்கொண்டாள். தீர்ந்துபோகும் வரை தினமும் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு அது ஒரு நாளும் மணக்கவில்லை.